இலைக்கும் ஊசிக்கும் நடுவே: நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்துகளும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து சாயல்குடி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையோரத்தில், உடைமரத்துக்கும் பனைக்கும் நடுவே, யாரும் விதைக்காமலே நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். கபர்ஸ்தான், கல்லறைத் தோட்டம், சுடுகாடு என்ற பேதம் பாராமல் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் அதைச் சொல்வார்கள். சற்று உள்ளே தள்ளி, கமுதி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் அதே செடி பயிராகவே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் இதற்கு ஆடு மாடு வாய் வைப்பதில்லை. ஆகவே வேலி தேவையில்லை. மழை இடையில் ஏமாற்றினாலும் நெல்லைப்போல ஒரேயடியாகக் கைவிடாது. இலை ஒரு சரக்கு, வேர் வேறொரு சரக்கு. இரண்டும் தனித்தனியே காய வைத்து, சாக்கில் அடைத்து, எடைபோட்டு வியாபாரியிடம் கொடுக்கப்படுகின்றன. வேரிலிருந்து ரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான அஜ்மலிசின் எடுக்கப்படுகிறது; ஜெர்மனியும் இத்தாலியும் அதை நெடுங்காலம் வாங்கிவந்தன. இலையை அமெரிக்காவும் ஹங்கேரியும் வாங்கின. அந்த இலைதான் இக்கட்டுரையின் பொருள்.

இலையிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றவை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அழைத்துச் செல்லப்படும் ஒரு குழந்தைக்கு முதல் வாரத்திலேயே ஏற்றப்படும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் பெரும்பாலும் இருக்கும். எனவே நம் கடற்கரைச் செடியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இலையில் இருப்பது ஒரு மூலக்கூறு. அதை மருந்தாக்குவது, எந்த நோய்க்கு, எவ்வளவு, எந்த வழியில், எந்தத் தூய்மையில், எந்தெந்த மருந்துகளோடு சேர்த்து என்ற கேள்விகளுக்குப் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட விடைகள்.

இந்தச் செடியின் கதையே அதற்குச் சான்று. நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாகக் கப்பலேறி வெப்பநாடுகள் எங்கும் பரவிய அது, போன இடங்களிலெல்லாம் நீரிழிவுக்கான கைமருந்தாயிற்று. நம் பக்கத்தில் இன்றும் பூவைக் கொதிக்க வைத்துச் சர்க்கரைக்கென்று குடிப்பவர்கள் உண்டு. ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அதே வழக்கம் இருந்தது. 1952-இல் ஜமைக்காவில் பணியாற்றிய ஒரு மருத்துவர் இந்த இலைகள் சிலவற்றை உறையில் இட்டு, இன்சுலின் ஆய்வுக் குழுவோடு முன்னர் தொடர்பிலிருந்த கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். அவர் அதைத் தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் அப்போது மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு அசையவில்லை. ஊசியாகச் செலுத்தினார்கள், அப்போதும் சர்க்கரையில் மாற்றமில்லை, ஆனால் சில நாட்களில் எலிகள் நோய்த்தொற்றால் செத்தன. ஏன் செத்தன என்று பார்த்தபோது ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது. வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தான் ரத்தப் புற்றுநோய் என்பதால், அவற்றை ஒடுக்கும் பொருள் அந்த நோய்க்கு உதவலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. 1954-இல் வந்து சேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பீர், சாற்றைப் படிப்படியாகப் பிரித்து அந்தப் பொருளைத் தனிமைப்படுத்தினார். 1958-இல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. அதுவே வின்பிளாஸ்டின். ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழு இதே செடியை வேறு வழியில் சோதித்தது: ரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குச் சாற்றைக் கொடுத்து, அவை கூடுதல் நாட்கள் உயிர்வாழ்கின்றனவா என்று கணக்கெடுத்தது. வின்கிரிஸ்டின் அங்கே பிரித்தெடுக்கப்பட்டு, 1963-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கரை குறையவில்லை, சோதனை தோல்வி என்று எழுதி ஏட்டை மூடிவிட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. செத்த எலியின் ரத்தத்தைப் பார்த்தது பழக்கப்பட்ட கண்ணின் வேலை. நாட்டு மருத்துவ மரபு கை காட்டியது செடியை மட்டுமே, நோயை அல்ல என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. புற்றுநோய்க்கு நம் முன்னோர் என்றோ கண்ட மருந்து என்று நித்தியகல்யாணியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், அது சில நூற்றாண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து வந்த செடி என்பதையும், அதை நாம் நீரிழிவுக்குத்தான் கையாண்டோம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இம்மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. அவற்றின் பயனும் தீங்கும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டிப்பாகிய குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்ல நுண்குழாய்கள் என்னும் இழைகள் தேவைப்படுகின்றன. டியூபுலின் என்ற புரதத்தின் துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டு அவ்விழைகள் உருவாகின்றன. வேலை முடிந்தபின் கலைந்துவிடுகின்றன. வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அதை அடுக்கவிடாமல் தடுக்கின்றன. இழுக்க ஆளில்லாத குரோமோசோம்கள் செல்லின் நடுவே தேங்கி நிற்க, பிரிவைத் தொடங்கி முடிக்க முடியாத செல் மடிகிறது. விரைந்து பிரியும் புற்றுச் செல்களுக்கு இந்த அடி பலமாக விழுகிறது. ஆனால் பிரியாத நரம்புச் செல்களும் தம் நீண்ட கிளைகளுக்குள் பொருட்களைக் கொண்டுசெல்ல அதே நுண்குழாய்களையே நம்பியிருக்கின்றன. வின்கிரிஸ்டின் பெறும் நோயாளிக்கு விரல்நுனி மரத்துப்போவதும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை தடுமாறுவதும், கடும் மலச்சிக்கல் வருவதும் அதனால்தான்.

இரண்டு மருந்துகளின் மூலக்கூறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஓர் இடத்தில் மட்டுமே இருக்கிறது. ஒரு நைட்ரஜன் அணுவின் மீது வின்பிளாஸ்டினில் மெத்தில் தொகுதியும், வின்கிரிஸ்டினில் ஃபார்மைல் தொகுதியும் அமர்ந்திருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அதிகம் வாட்டுகிறது, நரம்பைக் குறைவாகவே தொடுகிறது. வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்குகிறது, மஜ்ஜையை ஓரளவு விட்டுவைக்கிறது. மஜ்ஜையை விட்டுவைப்பதால்தான் மஜ்ஜையைத் தாக்கும் பிற மருந்துகளோடு வின்கிரிஸ்டினைக் கோக்க முடிகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து மருத்துவர்கள் வின்கிரிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோதுதான், தனித்தனி மருந்தால் சில மாதங்களுக்கு அடங்கிப் பிறகு திரும்பிய நோய் நீண்ட காலத்துக்கு அடங்கத் தொடங்கிற்று. இந்தியாவில் 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் எம்.சி.பி.-841 என்ற சிகிச்சைத் திட்டத்தைக் கையாண்டு, குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில் பிழைப்போர் விகிதத்தை முன்னிருந்ததைவிட வெகுவாக உயர்த்தின. அத்திட்டத்திலும் வின்கிரிஸ்டின் இருந்தது. இன்று வசதி படைத்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் 10-க்கு 9 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். செடியின் பங்கு அதில் பெரிது. ஆனால் அது தனித்து நின்று சாதித்ததில்லை.

இனி அளவுக்கு வருவோம். மருந்துக் கடையில் அல்லாமல் மருத்துவமனைக் குளிர்பெட்டியில் வைக்கப்படும் வின்கிரிஸ்டின் குப்பி கட்டைவிரல் நுனியளவே இருக்கும். உள்ளே நிறமற்ற திரவம் 1 மில்லி. அதில் மருந்து 1 மில்லிகிராம். பெரியவருக்கு ஒரு தடவைக்கு வழக்கமான உச்சவரம்பு 2 மில்லிகிராம். இலையிலிருந்து நேரடியாகப் பிரிப்பதென்றால் 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதன்படி ஒரு குப்பிக்கு 2 கிலோ, ஒரு பெரியவருக்கான ஒருவேளை ஊசிக்கு 4 கிலோ உலர்ந்த இலை. வின்பிளாஸ்டின் சற்றுத் தாராளம்: 1 கிராமுக்கு 500 கிலோ. ஆல்கலாய்டு எனப்படும் நைட்ரஜன் கொண்ட இயற்கைப் பொருட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் செடி தயாரிக்கிறது. நமக்கு வேண்டிய இரண்டும் அந்தக் கூட்டத்தில் மிகச் சிறுபான்மை.

செடி ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறது என்பதற்கு அழகான விளக்கம் ஒன்று உண்டு. வின்பிளாஸ்டின் மூலக்கூறு இரண்டு பாதிகள் இணைந்தது: ஒன்று கேத்தரந்தின், மற்றொன்று விண்டோலின். கேத்தரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் போய்த் தங்குகிறது. விண்டோலின் இலைக்குள் இருக்கும் செல்களில் அடைபட்டிருக்கிறது. இரண்டும் தனித்தனியே போதிய அளவு இருந்தாலும் உயிருள்ள இலையில் பெரும்பாலும் சந்திப்பதில்லை. பூச்சி கடித்தோ ஆடு மென்றோ இலை சிதையும்போதுதான் அவை ஒன்றுசேர வாய்ப்புக் கிடைக்கிறது. செடியின் பார்வையில் இது தன்னைத் தின்ன வருவனவற்றின் செல்களைக் குலைக்கும் நஞ்சு. கமுதிக் காட்டில் ஆடு இதைத் தொடாமல் விலகிப்போவதற்கும் வார்டில் புற்றுச் செல் சாவதற்கும் பின்னால் இருப்பது ஒரே வேதியியல். தாராளமாகக் கிடைக்கும் இரண்டு பாதிகளையும் ஆய்வகத்தில் இணைத்துவிடலாமே என்ற வழியை 1970களில் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பியர் போத்தியேவின் குழுவும் மற்றவர்களும் வகுத்தார்கள். அவ்வழியில்தான் வினோரெல்பின் என்ற புதிய மருந்தும் பிறந்தது. வின்பிளாஸ்டினை ஆக்சிஜனேற்றம் செய்து வின்கிரிஸ்டினாக மாற்றவும் முடியும் என்பதால், தொழிற்சாலைகள் மேலே சொன்ன 2,000 கிலோ கணக்கில் அப்படியே சிக்கிக்கொள்வதில்லை. இந்தியாவில் 1980களில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் சிப்லா நிறுவனமும் சேர்ந்து இம்மருந்துகளைத் தயாரிக்கும் முறையை உருவாக்கின. அதுவரை நாம் இலையை விற்று ஊசியை வாங்கிக்கொண்டிருந்தோம்.

கஷாயம் குடிப்பது ஏன் சிகிச்சையாகாது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை. வின்கிரிஸ்டின் குடல்வழியே ஒழுங்காக ரத்தத்தில் சேர்வதில்லை. ஆகவேதான் அது ரத்தநாள ஊசியாக மட்டுமே தரப்படுகிறது. ரத்தநாளத்திலிருந்து கொஞ்சம் வெளியே கசிந்தாலும் சதை வெந்துபோகும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் உயிரே போய்விடும். ஆகவேதான் குப்பியின் மேல் எச்சரிக்கை பெரிய எழுத்தில் அச்சிடப்படுகிறது. கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்தால் அதில் மருந்து எவ்வளவு இறங்கிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் போதாத அந்த அளவோடு, ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, வாந்தியைக் கிளப்புபவை எனப் பிற ஆல்கலாய்டுகளும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகும். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கூடவே இதையும் குடித்தால், ரத்த அணுக்கள் குறைந்தது எதனால் என்று மருத்துவர் குழம்புவதுதான் மிச்சம்.

அடுத்தது செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் விஷயம். மன்னார் வளைகுடாக் கடற்பாசியில் புற்றுநோய் எதிர்ப்புப் பொருள், காரங்காட்டுச் சதுப்புநில மரத்தின் இலைச்சாற்றில் புற்றுநோய்க்கு மருந்து என்ற தலைப்புகளைப் பார்க்காத ஆண்டில்லை. அவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைச் சோதனை. உள்ளங்கையளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் புற்றுச் செல்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்த எம்.சி.எஃப்.-7 அல்லது 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களே வழக்கமாகப் பயன்படுபவை. குழிகளில் சாற்றை வெவ்வேறு செறிவில் ஊற்றி, ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறப் பொருளைச் சேர்க்கிறார்கள். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாப் படிகங்களாக மாற்றும், செத்தது மாற்றாது. படிகத்தைக் கரைத்து, ஒளியை ஊடுருவச் செய்து, ஊதா எவ்வளவு அடர்த்தி என்று அளந்தால் எத்தனை விழுக்காடு செல்கள் பிழைத்தன என்ற எண் வந்துவிடும். முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது; நல்ல பயிற்சியும்கூட.

ஆனால் அந்த எண் சொல்வது கொஞ்சமே. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது கடினமான காரியமல்ல. உப்பைக் கூட்டிப் போட்டாலும் சாகும். பாதிச் செல்களைக் கொல்ல எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கலப்புச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் அந்த வேலை நடந்தால்தான் மேற்கொண்டு பார்க்கத் தகுந்தது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோல் வைத்திருக்கிறது. 200, 300 மைக்ரோகிராமில் பாதிச் செல்கள் செத்தன என்று எழுதிவிட்டு, குறிப்பிடத்தக்க புற்றுநோய் எதிர்ப்பாற்றல் என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். நலமான செல்களுக்கு அதே சாறு என்ன செய்தது என்பது இரண்டாவது கேள்வி. அந்த வரிசையே இல்லாத தட்டுகள் உண்டு. உடலுக்குள் போனால் கல்லீரல் அதை எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு மட்டும் விடை வைத்திருக்கும் ஆய்வைப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு என்று அச்சிடுவது, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

மஞ்சளின் குர்குமின் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. ஆய்வகத் தட்டில் அது ஏறக்குறைய எல்லாவற்றின் மீதும் வேலை செய்வதாகத் தோன்றும், ஏனெனில் அது பலவகைப் புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்வதும் சோதனைக் கருவியின் ஒளியைக் குழப்புவதுமான மூலக்கூறு. உட்கொண்டாலோ ரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும், அதுவும் விரைவில் சிதையும். 2017-இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு, 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைச் சுட்டி, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத இரட்டை மறைப்புச் சோதனை ஒன்றில்கூடக் குர்குமின் வெற்றி காணவில்லை என்று எழுதிற்று. குழம்புக்கு மஞ்சள் நல்லதுதான். அது வேறு பேச்சு.

உண்மையிலேயே மருந்தானவை எவ்வளவு இழுபறிக்குப் பிறகு மருந்தாயின என்பதைப் பார்த்தால் இந்தத் தூரம் விளங்கும். அமெரிக்க அரசு 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர இனங்களின் சாறுகளைச் சலித்தது. 1962-இல் பசிபிக் யூ மரத்தின் பட்டை சேகரிக்கப்பட்டது. வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அதிலிருந்த டாக்ஸால் என்னும் பொருளின் மூலக்கூறு வடிவத்தை 1971-இல் வெளியிட்டார்கள். அது டியூபுலின் இழைகளைக் கலையவிடாமல் பூட்டிவிடுகிறது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். வின்கிரிஸ்டின் இழையைக் கட்டவிடாமல் கொல்கிறது, டாக்ஸால் கலையவிடாமல் கொல்கிறது. ஒப்புதல் கிடைத்தது 1992 டிசம்பரில், முப்பது ஆண்டுகள் கழித்து. இடையில் பெருந்தடையாக நின்றது சரக்கு: 1 கிலோ மருந்துக்குச் சுமார் 10 டன் பட்டை தேவைப்பட்டது, பட்டையை உரித்தால் மரம் செத்தது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் முன்னோடிப் பொருளிலிருந்து அதைச் செய்யும் வழி வந்தபிறகே மரங்கள் தப்பின.

கேம்ப்டோதெசின் என்ற மற்றொரு தாவரப் பொருள் இன்னும் கசப்பான பாதையில் வந்தது. வாலும் வானியும் 1966-இல் சீன மரம் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார்கள். நீரில் கரையாத அப்பொருளைக் கரையும் உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவும் மஜ்ஜைப் பாதிப்பும் ஏற்பட்டு, 1970களில் சோதனை நிறுத்தப்பட்டது. அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் தாராளமாக இருக்கிறது என்று 1972-இல் கண்டு சொன்னவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பிறகு பம்பாய்க்குச் சென்ற டி.ஆர். கோவிந்தாச்சாரி. அவர் கண்டது மருந்து கைவிடப்பட்ட காலம். 1985-இல் அது டி.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் என்னும் நொதியைத் தாக்குகிறது என்று தெரிந்தபின்தான் மீண்டும் ஆர்வம் பிறந்து, மூலக்கூறைத் திருத்திச் செய்த டோபோடீகனும் இரினோடீகனும் 1990களில் ஒப்புதல் பெற்றன. மரத்துக்கோ மலையேறி வெட்டப்படும் ஆபத்துதான் மிஞ்சிற்று.

ராமநாதபுரத்துக்குக் கடல்தான் பெரிய தாவரத் தோட்டம் என்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. சின்னப்பாலத்திலும் ஏர்வாடிப் பகுதியிலும் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவை கூழ்ப் பொருட்களான அகர், ஆல்ஜினேட் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. கடற்பாசியிலிருந்து ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்து எதுவும் இதுவரை வரவில்லை. கடலிலிருந்து வந்தவை பெரும்பாலும் தாவரமல்ல, அசையாமல் ஒட்டிக் கிடக்கும் உயிரினங்கள் தந்தவை: கரீபியக் கடற்பஞ்சின் பொருளைப் பார்த்துச் செய்த சைட்டரபின் 1969-இலேயே ஒப்புதல் பெற்று இன்றும் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டினுக்குத் துணையாக நிற்கிறது, ஜப்பான் கடற்பஞ்சிலிருந்து எரிபுலின், சதுப்புநில வேர்களில் ஒட்டி வளரும் கடற்பீச்சியிலிருந்து டிராபெக்டெடின். மன்னார் வளைகுடாவிலும் பஞ்சுகள் உண்டு, ஆனால் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து டன் கணக்கில் அள்ளுவது சட்டப்படியும் முடியாது, நியாயப்படியும் கூடாது. எரிபுலின் முழுக்க ஆய்வகத்திலேயே தயாராவது நல்ல முன்மாதிரி: கடலிடமிருந்து மூலக்கூறின் வடிவத்தை மட்டும் கற்றுக்கொண்டு, உயிரினத்தைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

இலையை விளைவிக்கிறவருக்கு இதிலெல்லாம் என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்குச் சட்டம் ஓரளவே விடை சொல்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், நம் உயிர் வளத்தை வணிகத்துக்கு எடுப்பவர் பயனில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்கிறது. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இந்தக் கடற்கரையிலிருந்து கப்பாபைகஸ் பாசியை ஏற்றுமதி செய்த பெப்சிகோ நிறுவனத்திடமிருந்து அவ்வாறு பங்கு பெறப்பட்டது, நாட்டிலேயே தொடக்ககாலப் பயன்பகிர்வுகளில் ஒன்று. அந்தப் பாசியும் நித்தியகல்யாணியைப்போலவே வெளியிலிருந்து வந்ததுதான் என்பது வேடிக்கை. பயிரிடப்படும் நித்தியகல்யாணிக்கு நடைமுறையில் விலையே பங்கு. அந்த விலை எடைக்கு நிர்ணயிக்கப்படும்வரை, லக்னோவின் மத்திய மருத்துவ நறுமணப் பயிர் நிறுவனம் வெளியிட்ட நிர்மல், தவள் போன்ற ரகங்களைத் தேடி விதைத்து, பதமாக உலர்த்தி, ஆல்கலாய்டு செறிவோடு இலையைக் கொண்டுவருபவருக்கும், மழையில் நனைந்து கறுத்த இலையைக் கொண்டுவருபவருக்கும் ஒரே காசுதான். வட்டாரத்துக்கு ஓர் ஆய்வுக் கருவியை வைத்து, சரக்கின் ஆல்கலாய்டு விழுக்காட்டை அளந்து விலை சொல்ல ஏற்பாடு செய்வது, புதிதாகப் பத்துச் சாறுகளை எம்.டி.டி. தட்டில் ஊற்றுவதைவிட இந்த மாவட்டத்துக்கு அதிகம் உதவும்.

இலைக்கே தேவை இல்லாமல் போகும் என்ற பேச்சும் இப்போது இருக்கிறது. செடி இந்த மூலக்கூறைக் கட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் விடுபட்டிருந்த கடைசிக் கண்ணிகளை 2018-இல் கண்டறிந்தார்கள். 2022-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு அவ்வளவு படிகளையும் ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, கேத்தரந்தினையும் விண்டோலினையும் அதனிடமே தயாரித்து வாங்கி, இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கிக் காட்டிற்று. கிடைத்த அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். ஆலைக்கு ஏற்ற அளவாக அது வளரும்வரை காய்ந்த இலைக்கு இடம் உண்டு. ஆனால் மருந்துக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு வந்தபோது காரணம் இலையுமல்ல, ஈஸ்ட்டுமல்ல. 2019-இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் விற்ற இரண்டு நிறுவனங்களில் ஒன்று, உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. மலிவான பழைய மருந்து என்பதால் அந்த இடத்துக்கு உடனே வேறு யாரும் வரவில்லை. அந்த அக்டோபரில் அந்நாட்டுக் குழந்தைகள் மருத்துவமனைகள் யாருக்கு ஊசியைத் தள்ளிப்போடலாம் என்று பட்டியல் போட வேண்டி வந்தது.